“ஐ5 கணினி” என்றால் எந்த ஐ5? விளம்பரத்தில் முழு எண்ணையும் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதிலிருந்து வீட்டுக் கணினியை மாற்றச் சொல்லும் விளம்பரங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. “ஐ5, 8 ஜி.பி. ரேம், 256 எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11”, அதன் கீழே விலை, தொலைபேசி எண். இந்த நாலு சொல்லை வைத்து அந்தக் கணினி வேகமானதா, பத்து வருடம் பழையதா என்று தொழில் தெரிந்தவராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு வேண்டுகோள். கணினி விளம்பரம் வாங்கும்போது பிராசஸரின் (கணினியின் மூளையான சிப்பின்) முழு எண், ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) டி.டி.ஆர். 3-ஆ 4-ஆ 5-ஆ, அது எத்தனை துண்டாக இருக்கிறது, எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிஸ்க்) எந்த வகை, பொருள் புதியதா பயன்படுத்தியதா என்பதையும் சேர்த்து வாங்குங்கள். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும். அந்த வரி ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் பிராசஸர்களின் குடும்பப் பெயர்கள். வயதைச் சொல்வது பின்னால் வரும் எண். 2011-இல் வந்த கோர் ஐ7-2600-ஐயும் 2022-இல் வந்த கோர் ஐ3-12100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அடிப்படைக் கடிகார வேகம் ஐ7-க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், ஐ3-க்கு 3.3. எண்ணைப் பார்த்தால் ஐ7-தான் ஒரு படி மேல். ஆனால் ஒற்றைக் கோரை நம்பியிருக்கும் வேலைகளில் அந்த ஐ3 ஏறத்தாழ இரு மடங்கு வேகம். ஒரு துடிப்புக்குள் அது முடிக்கிற வேலை அதிகம், தேவைப்படும்போது 4.3 வரை ஏறவும் செய்யும். பிரவுசர், எக்செல், கணக்கு மென்பொருள் என்று வீட்டில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை வேலைதான். “ஐ7 இருக்கிறதே” என்று பழைய கணினிக்குப் பெரிய விலை கொடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்.

மேசைக் கணினிக்கான இன்டெல் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்தால் மிஞ்சுவது தலைமுறை. 2600 என்றால் 2, 8400 என்றால் 8, 12100 என்றால் 12. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பது, ஓரிரு விலக்கு தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்து. 2023 இறுதியிலிருந்து இன்டெல் அந்த ‘ஐ’யையே எடுக்கத் தொடங்கிவிட்டது. இப்போது “கோர் 5”, “கோர் அல்ட்ரா 5” என்று வருகிறது. கோர் 5 120யூ என்பது புதுப் பெயர் சூட்டிய 13-ஆம் தலைமுறைச் சரக்குதான். பொருள் மோசமில்லை, புத்தம் புதிது என்று சொல்லித் தரும் விலைக்குத்தான் யோசிக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசஸர் உள்ள லேப்டாப்பில் வேறொரு சிக்கல். ரைசன் 5 7520யூ என்று இருந்தால் எல்லோரும் முதல் இலக்கமான 7-ஐப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். அங்கே 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற 2019-ஆம் ஆண்டு வடிவமைப்பு, 4 என்றால் ஜென் 4. 7520யூ-வும் 7540யூ-வும் பெயரில் ஒரே ஒரு இலக்கம்தான் தள்ளி நிற்கின்றன, உள்ளே இரண்டு தலைமுறை வித்தியாசம். முழு எண்ணைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

புதிது வாங்குவதற்கு முன் இன்னொன்று. கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம். பிராசஸர் 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிமிடக்கணக்காக நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். 2019, 2020 வரை வந்த வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இதுதான் கதை.

காரணம் எளிது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, முள் நகர்ந்து போக இன்னும் 8, 9 மில்லி வினாடி. ஆக ஒரு தேடலுக்கு 13 மில்லி வினாடி, அதாவது நொடிக்கு 75, 80 தேடல். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலவும் ஒன்றுமில்லை, நகரவும் ஒன்றுமில்லை. ஒரு தேடல் 0.1 மில்லி வினாடி அளவில் முடிகிறது. அதனால்தான் 2012-ஆம் ஆண்டு எச்61 வகை மதர்போர்டில்கூட (கணினியின் முதன்மைப் பலகை) எஸ்.எஸ்.டி. போட்டதும் கணினிக்குப் புது உயிர் வருகிறது. அந்த போர்டில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பு இன்றைய வேகத்தில் பாதிதான், நொடிக்கு 270, 280 எம்.பி.க்கு மேல் போகாது. போகாவிட்டால் என்ன? வீட்டு உபயோகத்தில் நாம் உணரும் வேகம் அந்த எம்.பி. கணக்கில் இல்லை, தேடும் நேரத்தில் இருக்கிறது.

இதே காரணத்தால், சாட்டா எஸ்.எஸ்.டி.யிலிருந்து என்.வி.எம்.இ. என்ற வேகமான வகைக்கு மாறினால் நொடிக்கு 550 எம்.பி. 3,500 ஆகிவிடும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான் என்றாலும், கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் ரயில் டிக்கெட் எடுப்பவருக்கும் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. வீடியோ எடிட் செய்பவருக்குப் படும். ஆனால் லேப்டாப்பில் வகை மாறினால் பொருளே வேலை செய்யாது. 2015 முதல் 2018 வரை வந்த பல லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி. துண்டைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கும், அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்.வி.எம்.இ. துண்டு அதில் பொருந்தினாலும் கணினி அதைக் காணாது. மாடல் எண்ணை வைத்து மேனுவலைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். எம்.2 துண்டின் அளவில் 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். 2242 ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் 2280 உட்காராது.

எஸ்.எஸ்.டி. மாற்றும்போது முதல் வேலை, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். இடம் மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) ஒன்று, படிக்க முடியாமல் தொங்கி நிற்பவை மற்றொன்று. சி5-இல் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்கை குளோன் செய்ய (அப்படியே முழு நகல் எடுக்க) உட்காரக் கூடாது. நடுவில் சிக்கி மணிக்கணக்காக அதே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, இருக்கிற உயிரும் போய்விடும். புகைப்படம், பத்திரம், கணக்கு ஆகியவற்றை முதலில் வெளியே எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யில் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது. டிஸ்க் நலமாக இருந்தால் குளோன் செய்யலாம். 1 டி.பி. டிஸ்க்கிலிருந்து 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது, உள்ளே இருப்பது 350, 400-க்குள் இருக்கிறதா என்று பார்த்து, பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் கணினி பழையதிலிருந்தே கிளம்பிவிடும், “எஸ்.எஸ்.டி. போட்டும் அப்படியேதான் இருக்கிறது” என்ற புகாரில் பாதி இதுதான்.

ரேமைப் பற்றிச் சுருக்கமாக. இன்றைய பிரவுசருக்கு 4 ஜி.பி. போதாது, 8 ஜி.பி. குறைந்தபட்சம், புதிது வாங்கினால் 16. அதையும் ஒரே துண்டாகப் போடாமல் 8, 8 என்று இரண்டாகப் போட்டால் இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு வழியில்) ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான வேலையும் இதே ரேமில் நடப்பதால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டி.டி.ஆர். 3, 4, 5 மூன்றுக்கும் காடி (விளிம்பில் உள்ள வெட்டு) வேறு வேறு இடத்தில், ஒன்று மற்றொன்றில் ஏறாது. அழுத்தி ஏற்ற முயன்றால் ஸ்லாட்டே போய்விடும். ஜி41 போன்ற மிகப் பழைய போர்டுகளுக்கு 4 ஜி.பி. டி.டி.ஆர். 3 துண்டு வாங்குகிறவர்கள் இருபுறமும் சேர்த்து 16 சிப் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். 8 சிப் உள்ள துண்டை அந்த போர்டு ஏற்காது, திரையே வராது. ரேம் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள், ரேமில் ஒரு குறையும் இருக்காது. 32 பிட் விண்டோஸ் இருந்தால் எத்தனை ஜி.பி. போட்டாலும் 4-க்கு மேல் பார்க்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உற்பத்தியாளர்கள் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பிவிட்டதுதான் காரணம். பழைய கணினியிலிருக்கும் டி.டி.ஆர். 4 துண்டுகளைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

“உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை” என்ற செய்தி வந்ததுமே கடைக்கு ஓட வேண்டியதில்லை. 2018-க்குப் பிறகு வாங்கிய அசெம்பிள்டு கணினிகளில் பெரும்பாலும் டி.பி.எம். 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) ஏற்கெனவே இருக்கும், பயாஸில் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் அமைப்பில்) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பி.டி.டி., ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். அதை ஆன் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதி, டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருப்பது. அதை ஜி.பி.டி. என்ற புதிய முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது, டேட்டா அழியாது, என்றாலும் பேக்கப் எடுக்காமல் தொடக் கூடாது. வரிசையும் முக்கியம். டிஸ்க்கை மாற்றிய பிறகே பயாஸில், பழைய முறையில் கிளம்ப உதவும் சி.எஸ்.எம்.மை அணைக்க வேண்டும். முதலில் அணைத்துவிட்டால் கணினி கிளம்பாது.

உண்மையிலேயே தகுதியில்லாதவற்றுக்கும் வழி உண்டு. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குப் பணமும் கிடையாது. பிரவுசர், யூடியூப், தட்டச்சு மட்டும் போதும் என்பவர்களுக்கு 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவினால் நன்றாகவே ஓடும். ஆனால் 6, 7-ஆம் தலைமுறைக் கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி, “விண்டோஸ் 11 கணினி” என்று விளம்பரம் செய்வது சரியில்லை. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய பெட்டிக் கணினிகள் இவ்வகையில் நிறைய வருகின்றன. 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால் அவை நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) அந்தந்த மாடலுக்கே உரிய அளவு. கெட்டால் சாதாரணக் கடைச் சரக்கு உள்ளே உட்காராது. வாங்கும் இடத்திலேயே அதற்கு மாற்று கிடைக்குமா என்று கேளுங்கள்.

புதிய பெட்டி வாங்கினால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் போடாதீர்கள். பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்து புதிய போர்டில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் வெறும் கேபிள் வேலை செய்யாது, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

இனி, மிக அதிகமாக இழப்பு நேரும் இடத்துக்கு வருகிறேன். டேட்டாவை மாற்றும்போது “டி டிரைவ் அப்படியே இருக்கிறது, சி டிரைவை ஃபார்மட் அடித்துவிட்டோம்” என்பார்கள். டெஸ்க்டாப்பில் இருப்பதும், டாக்குமென்ட்ஸில் இருப்பதும், டவுன்லோட்ஸில் இருப்பதும் சி டிரைவில்தான் இருக்கின்றன. குடும்பத்தின் பாதி வாழ்க்கை டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும். டேலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்கள் டேட்டா ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. பழைய கணினியில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழைய கணினியை விற்ற பிறகு இது நினைவுக்கு வந்தால் அலைச்சல். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் பழைய டாஸ் பில்லிங் மென்பொருள் நேரடியாக ஓடாது, 64 பிட் டிரைவர் வராத பழைய பிரின்டர்களும் ஓடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1990-களிலும் 2000-களிலும் தட்டச்சு செய்த கோப்புகளில் பல யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லுக்குள் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். புதிய கணினியில் எழுத்துரு இல்லையென்றால் அதே கோப்பு அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள். சங்க நடவடிக்கைக் குறிப்பு, கோயில் திருப்பணிக் கணக்கு, அப்பா எழுதி வைத்த கவிதை எல்லாம் இப்படிப் போகின்றன. அது கெடவில்லை. எழுத்தின் மேல் கிளிக் செய்தால் வேர்டின் எழுத்துருப் பெட்டியில், எழுத்துரு இல்லாவிட்டாலும், அதன் பெயர் தெரியும். பழைய கணினியை அணைக்கும் முன்பே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றலாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை இலவசம். மாற்றும்போது மூல எழுத்துருவின் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினி வேறு, டிஸ்கி வேறு, 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் வேறு. இடையிடையே ஆங்கிலச் சொல் கலந்த கோப்பை மொத்தமாக மாற்றினால் அந்த ஆங்கிலமும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றி, மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். யூனிகோடிலேயே லதா எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விண்டோஸ் 11-இல் லதா உடன் வருவதில்லை. நிர்மலா என்ற வேறு எழுத்துரு அந்த இடத்துக்கு வந்து, வரியும் பக்கமும் நகர்ந்துவிடும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய்த் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா வந்துவிடும்.

புதிய கணினியை வாங்கியவுடன் ஒன்றைச் செய்யுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்கம், எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அதில் சேமிக்கப்படுகிறது. கடையில் அவசரத்துக்கு அவர்களுடைய மின்னஞ்சலைப் போட்டு செட்டப் செய்து கொடுத்தால் உங்கள் வீட்டுச் சாவி அவர்களிடம் இருக்கிறது என்று பொருள். நாளைக்கு மதர்போர்டு மாறினாலோ பயாஸ் அப்டேட் ஆனாலோ கணினி அந்த 48 இலக்கத்தைக் கேட்கக்கூடும், அது இல்லாமல் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. உங்கள் சொந்தக் கணக்கிலேயே நுழைந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். எஸ்.எஸ்.டி.க்கு இன்னொரு குணமும் உண்டு. ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுப் போகும், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் அரிது. மாதம் ஒருமுறையாவது வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்க வேண்டும்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைக் கணினியோடு சேர்த்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகு, இரண்டு கேபிள், அவ்வளவுதான். யு.எஸ்.பி. உறையில் போட்டு மூன்று மாதமாவது வைத்திருங்கள், விட்டுப்போன கோப்பு அதற்குள் நினைவுக்கு வந்துவிடும். அதன் பிறகு கொடுப்பதானால், விரைவு ஃபார்மட் எதையும் அழிப்பதில்லை. முழு ஃபார்மட் செய்து, மின்னணுக் கழிவு விதிகள், 2022-இன் கீழ் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் ஒப்படையுங்கள்.

விளம்பரப் பிரிவு ஒரு வரியைக் கூட்டி வாங்கத் தொடங்கினால், இதில் முதல் பாதியை வாசகர் தாமாகவே சரிபார்த்துக்கொள்வார். வரும் பொங்கல், தீபாவளி விற்பனைக்கு முன்பே இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மதுரை.